மெழுகின கை: வாசகர் கேள்வி – பதில்

போன இதழின் கடைசிப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. சிவப்புச் சுவர், அதன் மேல் கறுப்பும் வெள்ளையுமாக முக்கோண வரிசை, ஓரத்தில் ஒரு மலைப்பாம்பு நெளிந்து இறங்குகிறது. சுவர் அடியில் குந்தியிருக்கும் ஒரு கிழவி. புர்க்கினா ஃபாசோ நாட்டின் தியெபெலே ஊர், கஸ்ஸேனா மக்களின் மண்வீடு என்று கீழே ஒரு வரி மட்டும் போட்டிருந்தோம். அந்த ஒரு வரி போதாது என்று இத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒழுகல், விரிசல், உப்பு பூத்தல் என்று வழக்கமாக வரும் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். இந்த முறை முழுக்க அந்தச் சுவர்தான்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. எர்ணாவூர் குப்பத்தில் பிறந்தேன். 16 வயதில் சித்தாளாகச் சட்டி தூக்க ஆரம்பித்து, அப்புறம் சுண்ணாம்புப் பூச்சு கற்றுக்கொண்டு, பழைய கட்டடங்களைச் சரிசெய்யும் வேலையில் 30 வருஷம் இருந்தேன். இப்போது தண்டையார்பேட்டையில் பேத்தியோடு இருக்கிறேன்.

அந்தப் படம் நிஜமா, கம்ப்யூட்டரில் செய்ததா? கஸ்ஸேனா என்பவர்கள் யார்?
– வாசகர், வியாசர்பாடி

நிஜம்தான். மேற்கு ஆப்பிரிக்காவில் புர்க்கினா ஃபாசோவின் தெற்கு ஓரமும் கானாவின் வடக்கு ஓரமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் இருப்பவர்கள் கஸ்ஸேனா மக்கள். கஸேம் என்ற மொழி பேசுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் நிலத்தைப் பங்கு போட்டபோது நடுவில் ஒரு கோடு விழுந்தது. அதனால் ஒரே சனம் இரண்டு நாட்டில் இருக்கிறது. கம்பும் சோளமும் விதைக்கிற விவசாயக் குடிகள்.

தியெபெலே, தலைநகர் ஊகதூகுவிலிருந்து 150 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, போ என்ற சிறு நகரத்துக்குக் கிழக்கில் இருக்கிறது. அங்கே ஊர்த்தலைவரின் குடும்பங்கள் சேர்ந்து வாழும் பெரிய வளாகம்தான் அரசவை என்று சொல்லப்படுகிறது. 16ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கும் இடம். சுற்றி ஒரு மதில், உள்ளே ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனி முற்றம், இடையிடையே சந்து. நம் ராயபுரம் பக்கத்துப் பழைய சந்துகளில் நடந்து பழகியவர்களுக்கு அந்த அமைப்பு சட்டென்று புரியும்.

2024 ஜூலை 26 அன்று யுனெஸ்கோ இந்த அரசவையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கூட்டம் நடந்தது டெல்லியில். அசாமின் சராய்தேவ் மொய்தாம் மண்மேடுகளும் அதே கூட்டத்தில்தான் பட்டியலுக்கு வந்தன. நம் செய்திகளில் அசாம்தான் பெரிதாக வந்தது, அது நியாயமும்கூட. தியெபெலே என்ற பெயரைப் பேத்திதான் எனக்குப் படித்துக் காட்டினாள்.

மண் சுவர் மழையில் கரைந்துவிடாதா? அவர்கள் கலவை என்ன? பூச்சு என்ன? வேலைக்காரனாகக் கேட்கிறேன், விவரமாகச் சொல்லுங்கள்.
– கொத்தனார், மணலி

கேட்டீர்களே தம்பி, இதற்காகத்தான் காத்திருந்தேன்.

அச்சு கிடையாது, செங்கல் கிடையாது. மண்ணோடு வைக்கோலும் சாணியும் சேர்த்து மிதித்து, உருண்டை பிடித்து, ஒரு வரிசை வைத்து இழுத்து அமுக்குவார்கள். அந்த வரிசை இறுகிய பிறகு அடுத்த வரிசை. அடியில் அகலமாகத் தொடங்கி மேலே போகப் போக மெலிந்து வரும். சுவர் எழுப்புவது ஆண்கள் வேலை. மேல்தளம் மரக்கட்டைகள் போட்டு, அதன் மேல் மண் கொட்டி அடித்த மொட்டை மாடி. படி வெட்டிய ஒற்றைக் கட்டைதான் ஏணி. தானியம் காயப்போடுவதும், வெயில் காலத்தில் இரவு படுப்பதும் அந்த மாடியில்தான்.

அதற்குப் பிறகு சுவர் பெண்கள் கைக்குப் போகிறது. அறுவடை முடிந்து, அடுத்த மழை தொடங்குவதற்கு முன், வறண்ட மாதங்களில் இந்த வேலை நடக்கும். மண்ணும் சாணியும் குழைத்த பூச்சை வெறுங்கையால் பூசுகிறார்கள். பூசுகிற கரணையும் இல்லை, தேய்த்துச் சமன் செய்கிற மணியாஸ்கட்டையும் இல்லை. அதன் மேல் செம்புறை மண்ணைக் கரைத்த சிவப்பு. அது முழுசாகக் காய்வதற்குள் கூழாங்கல்லால் தேய்க்கிறார்கள். பிறகு கோடு கீறி வடிவம் பிரித்து, கறுப்புக்குக் கிராஃபைட்டோ கரியோ, வெள்ளைக்கு வெள்ளைக் களிமண்ணோ மாக்கல்லோ. நம் நாமக்கட்டி மாதிரியான பொருள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கினிக்கோழி இறகைக் கட்டித் தூரிகையாக்கிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு நிறத்தையும் மறுபடி கல்லால் தேய்த்து மண்ணுக்குள் இறக்குகிறார்கள்.

கடைசியில் வருவதுதான் முக்கியம். அங்கே நெரே என்று ஒரு மரம். கொத்துக் கொத்தாக நீளக் காய் காய்க்கும். அதன் விதையைப் புளிக்க வைத்துக் குழம்புக்குச் சுவை சேர்ப்பார்கள். மிஞ்சும் காய்த்தோலைப் பெரிய பானையில் போட்டு மணிக்கணக்கில் கொதிக்க வைத்தால், கருஞ்சிவப்பாக ஒரு சாறு இறங்கும். அதைச் சுவர் முழுக்கத் தெளித்துப் பூசிவிடுவார்கள். காய்ந்ததும் சுவர் மினுமினுக்கும், தண்ணீர் லேசில் இறங்காது. நம் நாட்டுப் பூங்காக்களில் பந்து பந்தாகப் பூ தொங்கும் மரம் ஒன்று பார்த்திருப்பீர்கள், பேட்மின்டன் பந்து மரம் என்பார்கள். அது நெரே மரத்துக்கு நெருங்கின உறவு.

இதைப் படித்தபோது எனக்கு இரண்டு வாசனை ஒன்றாக வந்தது. ஒன்று, வேலை செய்த இடங்களில் ஊறிய கடுக்காய்த் தண்ணீர். மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு என்று ஒரு காலத்தில் பேர் பெற்ற வேலை நம்முடையது. கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்து அரைத்து, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெண்கருவும் தயிரும் சேர்த்து, கல்லால் தேய்த்தால் பளிங்கு மாதிரி முகம் தெரியும். அடிக் கலவையில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். இன்னொரு வாசனை அதைவிடப் பழசு. நைலான் வலை எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் நைனா நூல் வலைதான் வைத்திருந்தார். நூல் உப்புத் தண்ணீரில் அழுகிவிடும். அதற்கு மரப்பட்டையை வேகவைத்து அந்தச் சாயத்தில் வலையை முக்கி மணலில் விரிப்பார்.

கடுக்காய், மரப்பட்டை, நெரே தோல் மூன்றிலும் இருப்பது ஒரே சரக்கு. துவர்ப்பு. டானின் என்று சொல்கிறார்கள். அது களிமண்ணையும் செம்மண்ணில் இருக்கும் இரும்பையும் பிடித்துக் கட்டுகிறது. வலைக்கு ஒரு வேலை, சுவருக்கு ஒரு வேலை.

நானே பார்க்காமல் உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று, இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழைக்கு முந்தி மொட்டை மாடியில் மூன்று பலகை வைத்தேன். இரண்டடிக்கு இரண்டடி. செங்குன்றம் பக்கத்துச் செம்மண், மணல், பொடியாக நறுக்கின வைக்கோல், சாணி. மூன்றிலும் ஒரே கலவை. முதல் பலகையை அப்படியே விட்டேன். இரண்டாவதற்குக் கடுக்காய்ச் சாறு. மூன்றாவதற்குக் கருவேல நெற்றை வேகவைத்த சாறு. நாமக்கட்டியும் அடுப்புக்கரியும் வைத்து மூன்றிலும் ஒரே முக்கோணம் போட்டு, கூழாங்கல்லால் தேய்த்தேன். ஒரு பலகைக்கு ஒன்றரை மணி நேரம் தேய்த்தேன். மறுநாள் தோளைத் தூக்க முடியவில்லை.

ஒரு ராத்திரி நல்ல மழை. காலையில் போய்ப் பார்த்தால் முதல் பலகை கஞ்சி மாதிரி வழிந்து, வைக்கோல் நார் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. முக்கோணம் இருந்த இடமே தெரியவில்லை. இரண்டாவது பலகையில் மேல் விளிம்பு மட்டும் அரித்திருந்தது, முகம் நின்றது. தண்ணீர் அதன் மேல் முத்து முத்தாக உருண்டு நின்றதை அரை மணி நேரம் நின்று பார்த்தேன். மூன்றாவதும் நின்றது, ஆனால் பூச்சைக் கனமாகப் போட்டுவிட்டதால் நடுவில் விரிசல். இரண்டிலும் வெள்ளை வெள்ளையாக இல்லை, டீத்தண்ணி நிறத்துக்குப் போய்விட்டது. கறுப்பு இன்னும் கறுத்துவிட்டது. துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். தியெபெலே சுவர்களின் வெள்ளையிலும் ஒரு பழுப்பு ஏறியிருக்கும், படத்தை எடுத்து உற்றுப் பாருங்கள்.

இவ்வளவு செய்தும் அந்தப் பூச்சு சில வருஷம்தான் தாங்கும். பிறகு மறுபடி பூச வேண்டும். அதை நான் குறையாகப் பார்க்கவில்லை. ஏன் என்று கீழே ராயபுரத்துக்காரருக்குச் சொல்கிறேன்.

வாசல் ஏன் அவ்வளவு சின்னதாக இருக்கிறது? ஜன்னலே காணோமே, புழுங்காதா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

புழுங்காது அம்மா. கனமான மண்சுவர் பகல் வெயிலை மெதுவாகத்தான் உள்ளே விடும். வெளியே அனல் அடிக்கும்போது உள்ளே நிழல் மாதிரி இருக்கும். சுவர் சூடேறி முடிக்கும்போது இருட்டிவிடும், எல்லோரும் மாடிக்குப் போய்விடுவார்கள்.

வாசல் சின்னதாக இருப்பதற்குக் காரணம் பயம். இடுப்பளவுகூட உயரம் இல்லாத துளை, முழங்காலை மடித்துத்தான் நுழைய வேண்டும். நுழைந்த உடனே எதிரில் ஒரு குட்டைச் சுவர். அதைத் தாண்டின பிறகுதான் நிமிர முடியும். எதிரி வந்தால் தலையைத்தான் முதலில் நீட்டியாக வேண்டும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் வருபவனுக்குக் கண் பழக நேரம் ஆகும். அதற்குள் உள்ளே இருப்பவள் முடிவு செய்துவிடலாம். அந்தப் பக்கம் அடிமை பிடிக்க வந்தவர்கள் நிஜமாகவே வந்தார்கள். கானா எல்லைக்குள் பாகா ஊரில் பிக்வோரோ என்ற அடிமைச் சந்தை இருந்த இடத்தை இன்றும் காட்டுகிறார்கள். பிடிபட்டவர்கள் சாப்பிடுவதற்குப் பாறையிலேயே குடைந்த குழிகள் அங்கே இருக்கின்றன. சின்ன வாசலின் அர்த்தம் அந்தக் குழிகளில் இருக்கிறது.

வீட்டு வடிவத்தைப் பார்த்தே உள்ளே யார் என்று சொல்லிவிடலாம். எட்டு என்ற எண்ணைப் போல இரண்டு வட்டம் ஒட்டினது தினியான், தாய்வீடு. பாட்டியும் தாத்தாவும் சின்னப் பிள்ளைகளும் அதில். சதுரமாகவோ நீளச் சதுரமாகவோ இருந்தால் மங்கோலோ, கல்யாணமான இளசுகளுக்கு. தனி வட்டமாக, கூரை வேய்ந்திருந்தால் திரா, கல்யாணம் ஆகாத பையன்களுக்கு. இந்த மூன்றில் பழையதும் கோட்டை மாதிரி இருப்பதும் தாய்வீடுதான். பாட்டியும் குழந்தைகளும் இருக்கும் இடத்துக்குத்தான் காவல் அதிகம்.

நான் மார்கழி முழுக்கக் கோலம் போடுகிறவள். அந்த முக்கோணமும் கட்டமும் எனக்குக் கோலம் மாதிரியே தெரிகிறது. அவற்றுக்கு அர்த்தம் உண்டா?
– வாசகி, கொருக்குப்பேட்டை

உண்டு. எல்லாமே வீட்டுக்குள்ளும் வயலிலும் இருக்கும் பொருள்தான்.

அந்த முக்கோண வரிசையைப் பலர் மலை என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். அது உடைந்த சுரைக்குடுக்கையின் சில்லு. அங்கே தண்ணீர் மொள்ள, கூழ் குடிக்க, தானியம் அளக்க எல்லாவற்றுக்கும் சுரைக்குடுக்கைதான். குறுக்கும் நெடுக்குமாகக் கண்ணி கண்ணியாக ஒரு வடிவம் வரும் பாருங்கள், அது குடுக்கைகளை அடுக்கித் தொங்கவிடும் வலை. நம் வீட்டு உறிதான், வேறொன்றுமில்லை. ஒரு பெண்ணின் அறையில் அவளுடைய உறி தொங்கும், அவளுக்கு மட்டும் சொந்தமான சாமான் அதில் இருக்கும். குப்பத்தில் பிறந்தவளுக்கு வலைக் கண்ணியைப் பார்த்தால் வேறெதுவும் தோன்றாது. முதல்முறை படத்தைப் பார்த்தபோது இது மீன்வலை என்று அடித்துச் சொன்னேன். பேத்திதான் படித்துப் பார்த்துவிட்டு, "இல்ல ஆயா, இது உறி" என்றாள். உறியும் வலையும் முடிச்சில் ஒன்றுதான்.

கோழிக்கால், சோழி, அம்பு, நிலா, நட்சத்திரம் எல்லாம் உண்டு. மலைப்பாம்பைச் சில இடத்தில் வெறும் கோடாக வரைய மாட்டார்கள், மண்ணாலேயே புடைப்பாக உருட்டி ஒட்டி, அப்புறம் நிறம் கொடுப்பார்கள். வீட்டைக் காக்கும் முன்னோரின் அடையாளம் அது, அடித்து விரட்டுகிற பாம்பு கிடையாது. முதலையும் அப்படித்தான். நான் சொன்ன பாகா ஊரில் ஒரு குளம் இருக்கிறது. அங்கே முதலையைக் கொல்ல மாட்டார்கள், ஊர் சனத்தின் உயிரோடு அதற்குத் தொடர்பு உண்டு என்று நம்புகிறார்கள். நாம் நாகாத்தம்மன் புற்றுக்குப் பால் ஊற்றுகிறோமே, அந்தக் கையால் இதைத் தொட்டுப் பார்த்தால் புரியும்.

அரசவையின் வாசலில் ஒரு மண்மேடு இருக்கிறது. அந்த வளாகத்தில் பிறந்த பிள்ளைகளின் நஞ்சுக்கொடியைப் புதைக்கும் இடம். சுவரில் வரைந்ததை மட்டும் பார்த்துவிட்டு அந்த மேட்டை மறந்துவிடாதீர்கள். அங்கே உயரமாகத் தெரியும் எதையும்விட எனக்கு அந்த மேடுதான் பெரிதாகத் தெரிகிறது.

ஆனால் கோலத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது அம்மா. நீங்கள் தனியாகப் போடுகிறீர்கள், சாயங்காலம் அழிந்துவிடும். அங்கே ஒரு சுவருக்குப் பத்துப் பெண்கள் கூடுவார்கள். அளவையும் வரிசையையும் முடிவு செய்வது மூத்தவள். இளையவர்கள் கல்லைப் பிடித்துத் தேய்ப்பதில் தொடங்கி, பல வருஷம் கழித்துத்தான் கோடு போட வருவார்கள்.

ஆண்கள்தானே வீட்டைக் கட்டுகிறார்கள்? பெண்கள் செய்வது மேல் அலங்காரம். அதற்கு இவ்வளவு பெருமை தேவையா?
– வாசகர், ராயபுரம்

ஐயா, இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்வேன்.

மண்சுவருக்கு மேல்பூச்சு என்பது தோல். தோல் போனால் உடம்பு எத்தனை நாள் நிற்கும்? மேலே சொன்னேனே என் முதல் பலகை, ஒரே ராத்திரியில் போனது. ஆண்கள் எழுப்பின சுவர் அடுத்த மழையைப் பார்க்க வேண்டுமானால் பெண்கள் அதைத் தேய்த்து, சாறு காய்ச்சி ஊற்றியிருக்க வேண்டும். கூழாங்கல் போகப் போக மண் துகள்கள் நெருங்கி உட்காருகின்றன, துளைகள் அடைபடுகின்றன. கறுப்பு வெள்ளைக்கு நடுவில் கீறின கோடு அழகுக்கு. தேய்த்தது சுவரின் உயிருக்கு. இரண்டையும் ஒரே கை ஒரே நேரத்தில் செய்வதால் நமக்கு அழகு மட்டும் தெரிகிறது. சில வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டியிருப்பதால்தான் பாட்டியின் கை பேத்தியின் கைக்கு வருகிறது. ஒருமுறை பூசி நூறு வருஷம் நின்றுவிட்டால் இரண்டாவது ஆளுக்குக் கற்றுக்கொடுக்க வேலையே இல்லை.

எங்கள் வீடு எர்ணாவூரில் மண்சுவர், மேலே கீற்று. எங்கள் ஆயா வெள்ளிக்கிழமை தவறாமல் தரையையும் சுவரின் அடிப்பக்கத்தையும் மெழுகுவாள். சாணியை முகர்ந்து பார்ப்பாள், நேற்றுப் போட்டதா இன்று போட்டதா என்று. களிமண்ணை விரலில் உருட்டி, நெளிந்தால் சரி, உடைந்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர். உள்ளங்கையைப் பதித்து, தோளிலிருந்து அரைவட்டமாக இழுப்பாள், அடுத்த அரைவட்டம் முந்தினதின் மேல் பாதி ஏறி உட்காரும். காய்ந்த பிறகு வெயில் சாய்ந்து விழும்போது தரை முழுக்கப் பிறை பிறையாகத் தெரியும். கார்த்திகையில் புயல் காற்று அடித்தபோது குப்பத்தில் பல வீட்டுச் சுவர் அடி கரைந்து சாய்ந்தது. எங்கள் சுவர் நின்றது. அன்றைக்கு யாரும் ஆயாவைப் பாராட்டவில்லை. சுவர் கட்டின மாமாவைத்தான் நல்லா கட்டியிருக்கான் என்றார்கள்.

சித்தாளாகப் போன இடத்தில் எட்டு வருஷம் நான் கலவை சுமந்தேன். கலவையின் பதம் என் கண்ணுக்குத் தெரியும். எது கட்டியாகும், எது ஓடும் என்று சட்டியைத் தூக்கும்போதே கனத்தில் தெரியும். ஒருநாள் சாரத்தில் கரணையை எடுத்து ஒரு முழம் பூசிப் பார்த்தேன். மேஸ்திரி அதைச் சுரண்டி எறிந்துவிட்டு, கீழே போ என்றார். நான் பூசினதில் தப்பு இல்லை, அதை அவரும் பார்த்தார். பொம்பளை கரணை பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான். இன்றைக்கும் இந்த ஊரில் எந்தக் கட்டட வேலைக்குப் போனாலும் பாருங்கள், பெண்கள் சித்தாளாகவே தொடங்கி சித்தாளாகவே முடிக்கிறார்கள். கூலியிலும் அந்த வித்தியாசம் உண்டு. எனக்குக் கரணை கொடுத்தது வேறொரு பெரியவர், சுண்ணாம்பு வேலைக்கு ஆள் கிடைக்காமல் போனதால்.

பல வருஷம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில் திரையில் ஒரு படம் போட்டார்கள். கானாவில் நவ்ரொங்கோ ஊரின் பேராலயம். மண்ணால் கட்டின பெரிய கோயில், உள்சுவர் முழுக்கப் புடைப்பும் நிறமும். செய்தவர்கள் அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் என்று சொன்னார்கள். அந்தச் சுவரின் கீழ்ப்பகுதியில் கை போன தடம் தெரிந்தது. அரைவட்டம், பாதி ஏறி இன்னொரு அரைவட்டம். எனக்கு அந்த இருட்டு அறையில் அழுகை வந்துவிட்டது.

அங்கே அந்தக் கைக்கு ஒரு பெயர் இருக்கிறது, மரியாதை இருக்கிறது. பக்கத்தில் சிரிகு என்ற ஊரில், நங்கானி என்ற அண்டை இனத்துப் பெண்கள் 1997இல் மண்பாண்டத்துக்கும் சுவர் ஓவியத்துக்குமாக ஒரு அமைப்பே தொடங்கி, அதில் வருமானம் பார்க்கிறார்கள். தியெபெலே பற்றி யுனெஸ்கோ எழுதின குறிப்பிலும் இந்த அறிவுக்குப் பெண்கள் மட்டுமே காவல் என்று இருக்கிறது. நீங்கள் அலங்காரம் என்று சொன்னதைத்தான் ஐயா அந்தக் குறிப்பு அறிவு என்று சொல்கிறது.

எங்கள் வீட்டு வெளிச்சுவரில் இப்படிச் செய்ய ஆசை. செய்யலாமா?
– வாசகர், எண்ணூர்

வெளிச்சுவரில் வேண்டாம். உங்கள் சுவர் செங்கல், மேலே சிமெண்ட் பூச்சு, அதற்கு மேல் பெயின்ட். மண் அதைப் பிடிக்காது, முதல் மழையில் ஏடு ஏடாக வந்துவிடும். இதைத் திருப்பிச் செய்தாலும் கேடுதான். மண்சுவருக்கு மேல் சிமெண்ட் அடித்தால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவர் உள்ளுக்குள்ளேயே இளகும். பழைய சுண்ணாம்புக் கட்டடங்களை இப்படிக் கெடுத்ததை எத்தனையோ இடத்தில் சுரண்டி எடுத்திருக்கிறேன்.

இன்னொன்று, எண்ணூரில் காற்றிலேயே உப்பு. தியெபெலே கடலைப் பார்த்ததில்லை. அங்கே ஒரே மழைக்காலம், அதற்குப் பின் மாதக்கணக்கில் வறட்சி. நமக்கு வருஷத்துக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர், அதில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிடும், வெள்ளமும் நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணெய் கலந்த தண்ணீர் உங்கள் பக்கத்து வீடுகளில் ஏறினதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கறுப்புக் கோட்டை எந்த நெரே சாறும் தடுத்திருக்காது.

உள்ளே, கூடத்தில் ஒரு சுவர் என்றால் தாராளமாகச் செய்யலாம். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுத் தொடங்குங்கள், கீழே இருந்து உப்பு ஏறும். பெயின்ட்டை முழுக்கச் சுரண்டி, சுவரைக் கொத்திவிட்டு, நனைத்துக்கொள்ளுங்கள். மண்ணை ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஒருநாள் வையுங்கள். மணல் அடியில், களி மேலே தங்கும். களி ரொம்ப இருந்தால் மணல் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும். சாணியும் வைக்கோலும் சேர்த்து ஒரு வாரம் ஊற வையுங்கள், நாற்றம் வரும், அது போய்விடும். இரண்டு மெல்லிய பூச்சு. கனமாக ஒரே பூச்சு போட்டு நான் பட்டது போதும். கையால் அழுத்தினால் தடம் விழும், ஆனால் ஒட்டாது, அந்தப் பதத்தில் கூழாங்கல்லை எடுங்கள். கடுக்காயைக் கொட்டை நீக்கி இடித்து இரண்டு நாள் ஊறவைத்து, வடிகட்டி, கடைசியில் இரண்டு கை பூசுங்கள்.

வடிவம் அவர்களுடையதையே போட வேண்டாம் என்பது என் எண்ணம். பாம்பும் சுரைச் சில்லும் அவர்கள் வீட்டுக் கதை. உங்கள் வீட்டில் துடுப்பு இருக்கும், கூடை இருக்கும், நண்டு இருக்கும்.

அந்த ஊர் இன்னும் எத்தனை நாள் அப்படியே இருக்கும்?
– வாசகி, பெரம்பூர்

அப்படியே இல்லை, ஏற்கெனவே மாறிக்கொண்டுதான் இருக்கிறது. கறுப்புக்குத் தார் பூசுகிறார்கள், நம் படகுக்குப் பூசுவது போலத்தான். சீக்கிரம் வேலை முடிகிறது. சிமெண்டும் தகரமும் வந்துவிட்டன. நாட்டில் பல வருஷமாக ஆயுதக் குழுக்களின் தாக்குதல், வெளியாட்கள் வருவது குறைந்துவிட்டது.

நல்லதும் உண்டு. அதே நாட்டுக்காரர் ஃபிரான்சிஸ் கேரே, 2001இல் தன் சொந்தக் கிராமமான கந்தோவில் களிமண் கல்லால் பள்ளிக்கூடம் கட்டினார். 2022இல் கட்டடக்கலையின் மிகப் பெரிய பரிசான பிரிட்ஸ்கர் அவருக்குக் கிடைத்தது, ஆப்பிரிக்கர் ஒருவருக்கு முதல்முறையாக. மண் என்றால் ஏழ்மை என்று நினைத்த பிள்ளைகள் அந்தப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு. இந்த வேலையைக் கற்றுக்கொள்ள எங்கே போக வேண்டும்?
– மாணவி, திருவொற்றியூர்

கண்ணு, உங்கள் வீட்டில் ஆயா இருக்கிறாரா? அவர் சின்ன வயதில் மண்தரை மெழுகியிருந்தால் முதலில் அவரிடம் போ. ஒரு பலகையும் ஒரு சட்டி களிமண்ணும் வைத்து, மெழுகிக் காட்டச் சொல். எனக்கெல்லாம் மறந்துபோச்சு என்பார். கையை மண்ணில் வைத்ததும் தானாக வந்துவிடும், பார். அவர் பேசுவதைவிட அவர் தோளைக் கவனி. மணிக்கட்டிலிருந்து இழுக்கிறாரா, தோளிலிருந்து இழுக்கிறாரா, ஒரு இழுப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கையை எத்தனை முறை தண்ணீரில் நனைக்கிறார் என்று எண்ணிக்கொள். போனில் படமும் எடுத்து வை.

பரீட்சை முடிந்ததும் அந்தப் பலகையை எடுத்துக்கொண்டு தண்டையார்பேட்டைக்கு வா, பத்திரிகை அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். என் இரண்டாவது பலகை இன்னும் மாடியில்தான் சாய்ந்து நிற்கிறது. மேல் விளிம்பு இந்த மழைக்கு இன்னும் கொஞ்சம் போயிருக்கிறது. அதைப் பூசுவதற்குக் கடுக்காய் வாங்கி வைத்திருக்கிறேன்.